கணக்குப் புத்தகம் கோக்க எந்த மென்பொருள்? மூன்றாம் புரூஃபை வைத்து ஓர் ஒப்பீடு

காரைக்குடி செக்காலை ரோட்டில், கணினியில் பக்கம் கோத்துக் கொடுக்கும் ஒரு டிடிபி கடை. போன வருஷம் கோடை விடுமுறையில் பாதி நாள் எனக்கு அங்கேதான் போனது. பத்தாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக, பக்கத்து ஊர்களைச் சேர்ந்த கணக்கு ஆசிரியர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பயிற்சி நூல் தயாரித்தோம். திருத்தம் பார்க்கக் கொடுக்கும் அச்சுப்படியில், அதாவது புரூஃபில், முதலாவது அழகாக வந்தது. இரண்டாவதில் நாற்பது இடத்தில் சிவப்பு மை போட்டுக் கொடுத்தோம். மூன்றாவது புரூஃப் கைக்கு வந்தபோது, திருத்தச் சொன்ன நாற்பதும் திருந்தியிருந்தன. நாங்கள் தொடாத பக்கங்கள் கெட்டிருந்தன. எக்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் 'ஒ' நின்றது. ஒய் நிற்க வேண்டிய இடத்தில் 'ல'. 2³ என்பது 23 ஆகியிருந்தது. வர்க்கமூலக் குறியின் மேல்கோடு தன் எண்களை விட்டுவிட்டு இரண்டு வரி தள்ளி அந்தரத்தில் கிடந்தது.

"டீச்சர், பக்கத்துக்கு மொத்தமா ஃபாண்ட் மாத்துனேன், அதுல போயிருச்சு போல" என்றார் கடைத் தம்பி. அவர் கைவேகம் எங்களில் யாருக்கும் வராது. எழுத்துப் பிழையையும் அவரே பார்த்துச் சொல்லுவார். அவர் பழகியிருந்த வழிதான் கணக்குக்கு ஒத்துவராதது.

ஒரு கட்டுரையில் எழுத்து மாறினால் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். 2³ க்கும் 23 க்கும் நடுவில் ஊகத்துக்கு வழியே இல்லை. பிள்ளை 23 என்றே எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கும். விடை வராது. புத்தகம் தப்பு என்று அதற்குத் தோன்றாது, தனக்குத்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வருஷம் மறுபதிப்பை வேறு வழியில் கோக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஆறு வழிகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மூன்று மாதிரி. முதலாவது, ஆத்தங்குடிக் கல் கணக்கு: 24 அடி நீளமும் 18 அடி அகலமும் உள்ள முகப்புத் தளத்துக்கு 8 அங்குலச் சதுரக் கல் எத்தனை வேண்டும்? விடை 972. இதில் "தளத்தின் பரப்பு" மேலேயும் "ஒரு கல்லின் பரப்பு" கீழேயுமாகத் தமிழ்ச் சொற்களே பின்னமாக நிற்க வேண்டும். இரண்டாவது, இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரம். தனி வரியில் ஒரு தடவை, வாக்கியத்தின் நடுவில் ஒரு தடவை. மூன்றாவது, கூம்பின் இடைக்கண்டத்துக்கு, அதாவது தலை வெட்டிய கூம்புக்கு, கன அளவு காணும் நான்கு வரி. நான்கிலும் சமக்குறி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். முதல் பக்கம் எதில் சீக்கிரம் வருகிறது என்று நான் பார்க்கவில்லை. கோத்து முடித்த பிறகு நடுவில் ஒரு வரி நுழைத்து, எழுத்துருவை மாற்றி, ஒரு குறியீட்டை நூல் முழுக்க மாற்றினால் எது குலையாமல் நிற்கிறது என்று பார்த்தேன்.

கடைப் பழக்கம்

பக்கம் கோக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல். இன்றும் நம் பக்கத்துக் கடைகளில் அது ஓடுகிறது. அதோடு பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள். அவற்றில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பாமினியில் எக்ஸ் தட்டினால் 'ஒ', ஒய் தட்டினால் 'ல'. கணக்கு மாறிகளை மட்டும் வேறு ஆங்கில எழுத்துருவில் விட்டு வைத்திருப்பார்கள். பத்தியை மொத்தமாகத் தேர்ந்து தமிழ் எழுத்துரு கொடுத்த அந்த நொடியில் மாறிகள் எல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும். அதை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த எண் கொடுக்கும் யூனிகோடுக்கு மாற்றும்போது இன்னொரு சேதம். மாற்றிகள் பெரும்பாலும் வெறும் எழுத்தை மட்டும் வாங்கிக்கொள்கின்றன, மேலே தூக்கி வைத்த சிறிய 3 கீழே இறங்கிவிடுகிறது. 2³ எப்படி 23 ஆனது என்று இப்போது புரியும்.

பின்னத்துக்கு மேலெண்ணை அடிக்கோடிடுவார்கள். எண்ணாக இருந்தால் ஒப்பேறிவிடும். "பரப்பு" என்ற சொல்லை அடிக்கோடிட்டால் 'பு'வின் கால் கோட்டை வெட்டிக்கொண்டு இறங்கும். வர்க்கமூலத்துக்குக் குறியை ஓர் எழுத்துருவிலிருந்து எடுத்து, மேல்கோட்டைத் தனியாக வரைவார்கள். வரைந்த கோட்டுக்குத் தன் கீழே என்ன எண் இருக்கிறது என்று தெரியாது. மேலே ஒரு வரி நுழைந்தால் எண்கள் கீழே போகும், கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் கோடும் எண்ணும் ஒரே சட்டத்துக்குள் கட்டப்பட்டிருந்தன. நகர்ந்தால் சேர்ந்தே நகரும்.

மைனஸ் இன்னொரு தலைவலி. விசைப்பலகையில் இருப்பது ஹைஃபன். கூட்டல் குறியை விட நீளம் குறைவு, வரிக்கடைசியில் வந்தால் மென்பொருள் அந்த இடத்திலேயே வரியை முறிக்கும். −5 இல் குறி ஒரு வரியிலும் 5 அடுத்த வரியிலும் எங்கள் நூலிலேயே இருந்தது. இந்த வழியைக் கணக்குக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பின்னம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பழைய பேரேட்டைப் பார்த்திருக்கிறேன். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரே குறி, எழுத்தோடு எழுத்தாக வரியிலேயே உட்கார்ந்திருக்கும். 320இல் ஒரு பங்கான முந்திரிக்கும் அப்படித்தான். மேலே ஒன்று கீழே ஒன்று என்று அடுக்கும் சிரமமே அந்தக் கணக்கப்பிள்ளைகளுக்கு இருந்ததில்லை. அந்தக் குறிகளுக்கு 2019இல் வந்த யூனிகோட் 12.0 தனி இடம் கொடுத்துவிட்டது. பொருத்தமான எழுத்துரு இருந்தால் இப்போது அவற்றையும் அச்சிடலாம். எங்கள் நூலில் பெட்டிச் செய்தியாக ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம்.

வேர்டு

பள்ளிக்கூடத்தில் எல்லோர் கணினியிலும் இருப்பது இதுதான். 2007இலிருந்து வேர்டுக்குள்ளேயே சமன்பாடு எழுதும் வசதி இருக்கிறது. ஆல்ட்டும் சமக்குறியும் சேர்த்து அழுத்தினால் பெட்டி திறக்கும். சாய்கோடு போட்டு இடைவெளி தட்டினால் பின்னம் தானே அடுக்கிக்கொள்ளும். இதற்கு முன்பு இருந்த பழைய ஈக்வேஷன் எடிட்டரைப் பாதுகாப்புக் கோளாறு காரணமாக 2018 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். பழைய வினாத்தாள் கோப்புகளில் சமன்பாட்டைச் சொடுக்கினால் திருத்த வரவில்லை என்று பல ஆசிரியர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

என் மூன்று மாதிரியில் இரண்டு நன்றாகவே வந்தன. தீர்வுச் சூத்திரத்தில் மேல்கோடு சரியான நீளத்துக்கு நீண்டது. இடைக்கண்டத்தின் நான்கு வரியை ஒரே பெட்டிக்குள் எழுதி, சமக்குறியில் ஒழுங்குபடுத்தச் சொன்னால் கேட்கிறது. சமன்பாட்டின் கடைசியில் ஹாஷ் குறி போட்டு எண்ணைத் தட்டி என்ட்டர் கொடுத்தால் எண் வலது ஓரத்துக்குப் போய்விடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

இடறியது ஆத்தங்குடிக் கல்லில். வேர்டின் சமன்பாட்டுப் பெட்டிக்கு இயல்பான எழுத்துரு கேம்பிரியா மேத். அதில் தமிழ் எழுத்து கிடையாது. எனவே பெட்டிக்குள் தமிழ் தட்டினால் வேறு எழுத்துருவைக் கடன் வாங்குகிறது. நூலின் மற்ற பகுதியோடு அது ஒட்டாமல் தெரிகிறது. ஒவ்வோர் இடத்திலும் கையால் சரிசெய்யலாம்தான். முந்நூறு கணக்கில் எத்தனை இடத்தில் செய்வது?

வாக்கியத்தின் நடுவில் வரும் பின்னத்தை வேர்டு சுருக்கிவிடும், தனி வரியில் வந்தால் பெரிதாக்கும். அச்சுக்கலையில் அது சரியான மரபுதான், வரிகளுக்கு இடையே பள்ளம் விழாமல் காக்கிறது. ஆனால் ஒரு மதிப்பெண் வினாவின் நான்கு விடைகளும் வரியோடு வரியாக வருபவை. அங்கே சுருங்கிய பின்னத்தில் 3ஐயும் 8ஐயும் கடைசி பெஞ்சுப் பிள்ளை பிரித்தறிவது கஷ்டம். வரி இடைவெளியைத் துல்லியமாக இவ்வளவு என்று நிர்ணயித்து வைத்திருந்தாலோ, உயரமான பின்னத்தின் தலையே வெட்டுப்படும்.

எழுத்துருச் சோதனையில் வேர்டு தேறியது. பத்தியின் எழுத்துருவை மாற்றினாலும் சமன்பாடு தன் எழுத்துருவில் நிற்கிறது. கோப்பைப் பழைய டாக் வடிவில் சேமித்தபோது கவிழ்ந்தது. சமன்பாடுகள் எல்லாம் படமாகிவிட்டன, பிறகு திருத்த முடியவில்லை. கடைக்காரர் பழைய வடிவில் கேட்டால் ஒருபோதும் கொடுக்காதீர்கள், பிடிஎஃப் கொடுங்கள். திங்கட்கிழமை வகுப்புத் தேர்வுக்கு ஞாயிறு ராத்திரி இரண்டு பக்கம் தட்டுவதற்கு இன்றும் எனக்கு வேர்டுதான்.

இன்டிசைன், லிப்ரே ஆபிஸ்

இரண்டையும் சுருக்கமாகவே சொல்லலாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் நெடுங்காலம் சமன்பாட்டுக்கென்று சொந்த வசதி இல்லை. மேத்டைப் போன்ற தனி மென்பொருளில் எழுதிப் படமாக ஒட்டுவார்கள். படம் வரியின் அடிக்கோட்டை விட ஓர் இழை ஏறியோ இறங்கியோ உட்காரும். இப்போது 2025 பதிப்பில் சமன்பாட்டை எழுதும் குறிமொழியான மேத்எம்எல் வழியாக அதை உள்ளே கொண்டுவரலாம். அட்டைக்கும் படம் நிறைந்த பக்கத்துக்கும் இதை மிஞ்ச ஆளில்லை. எங்கள் நூலோ முக்கால்வாசி சமன்பாடு, சந்தாவும் மூன்று ஆசிரியர் கைக்கு அதிகம்.

வேர்டு மாதிரியான லிப்ரே ஆபிஸ் இலவசம். 'ஓவர்' என்று எழுதினால் பின்னம் வரும், தமிழ்ச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு சமன்பாடும் தனித்தனிப் பொருளாக இருப்பதால், பத்தியின் எழுத்தளவை மாற்றினால் சமன்பாடு கூட வருவதில்லை. பத்துப் பக்கத்துக்கு ஆகும். நூலுக்கு ஆகாது.

டெக்

1977இல் டொனால்ட் குனுத் என்ற கணினி அறிஞர், தன் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைப் பார்த்து மனம் நொந்துபோனார். ஈய எழுத்திலிருந்து ஒளியச்சுக்கு மாறியதில் கணக்குப் பக்கங்களின் அழகு போயிருந்தது. அந்த வருத்தத்திலிருந்துதான், கட்டளை எழுதிப் பக்கம் கோக்கும் டெக் என்ற மென்பொருள் பிறந்தது. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லேடெக். குனுத்தின் கதையைப் படித்தபோது செக்காலை ரோட்டில் நான் கையில் வைத்திருந்த மூன்றாவது புரூஃப்தான் நினைவுக்கு வந்தது.

இதில் நாம் வடிவத்தை வரைவதில்லை, உறவைச் சொல்கிறோம். பின்சாய்கோடு போட்டு 'ஃப்ராக்' என்று எழுதி, மேலே என்ன, கீழே என்ன என்று இரண்டு அடைப்புக்குள் கொடுக்கிறோம். மற்றதை டெக் கணக்கிடுகிறது. கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இருபுறமும் எழுத்தளவில் 18இல் 4 பங்கு இடம். சமக்குறிக்கு 18இல் 5 பங்கு. 7 − 5 என்பதில் மைனஸின் இருபுறமும் காற்று விடும். வெறும் −5 என்றால் மைனஸுக்கு இடப்பக்கம் எண் இல்லை என்பதைக் கவனித்து, இடைவெளி இல்லாமல் ஒட்டி வைக்கும். கழித்தலும் எதிர்க்குறியும் வேறு வேறு என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிறோமே, அதை இந்த மென்பொருள் அச்சிலேயே காட்டுகிறது. அதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பின்னக்கோட்டுக்கும் மேலே உள்ள சொல்லின் அடிப்பகுதிக்கும் குறைந்தது இவ்வளவு இடைவெளி என்று டெக்குக்கு ஒரு விதி உண்டு. "தளத்தின் பரப்பு" என்று கொடுத்தால் 'பு'வின் கால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு முழுச் சொல்லையும் தூக்கி வைக்கிறது. ஒரு மதிப்பெண் வினாவின் விடைகளுக்கு மட்டும் பின்னம் சுருங்காத கட்டளையைப் பயன்படுத்தினோம். அதையும் ஒரே இடத்தில் வரையறுத்தாயிற்று.

மூன்றாம் புரூஃப் சோதனையில் நடந்ததைச் சொல்கிறேன். இடைக்கண்டத்தில் இரண்டு ஆரங்கள்: பெரிய ஆர், சின்ன ஆர். பிள்ளைகள் கையெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ஆர்₁, ஆர்₂ என்று மாற்றலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் கடைசி நேரத்தில் சொன்னார். போன வருஷமாக இருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றிருப்போம். இப்போது இரண்டு ஆரங்களுக்கும் கோப்பின் தொடக்கத்திலேயே பெயர் கொடுத்து வைத்திருந்தோம். இரண்டு வரியைத் திருத்தினேன், அறுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் மாறின. 17வதாக ஒரு புதிய கணக்கைச் சொருகினால் பின்னால் உள்ள எண்களும் விடைப்பட்டியலும் "43ஆம் கணக்கைப் பார்க்க" என்ற குறிப்பும் தாமே நகர்ந்துகொள்கின்றன.

தமிழுக்கு மூல டெக்கோ பிடிஎஃப்டெக்கோ போதாது. யூனிகோடைப் படிக்கும் டெக் வகை வேண்டும்: 2004இல் ஜொனாதன் கியூ வெளியிட்ட ஸீடெக், அல்லது லுவாலேடெக். எழுத்துருவை அறிவிக்கும்போது எழுத்துமுறை தமிழ் என்று சொல்ல வேண்டும். லுவாலேடெக் என்றால், எழுத்து வடிவங்களைச் சேர்த்து அடுக்கும் ஹார்ஃப்பஸ் வழியாகக் கோக்கச் சொல்ல வேண்டும். தவறினால் 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கக்கூடும். நாங்கள் ஸீடெக்கின் மேல் ஓடும் லேடெக்கான ஸீலேடெக்கும், நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவும் எடுத்துக்கொண்டோம்.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. சமன்பாட்டுக்குள் தமிழ்ச் சொல்லை 'டெக்ஸ்ட்' என்ற கட்டளைக்குள் வைக்க மறந்தால், அந்தச் சொல் பிடிஎஃப்பில் வெறும் வெற்றிடமாகும். திரையில் சிவப்பு எச்சரிக்கை வராது. ஒவ்வொரு தடவையும் டெக் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் "எழுத்து இல்லை" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருக்கும். அச்சுக்கு அனுப்பும் முன் பதிவுக் கோப்பில் அந்த வரியைத் தேடுவதை நாங்கள் கட்டாயமாக்கிவிட்டோம். 'சைன்' என்பதைப் பின்சாய்கோடு இல்லாமல் எழுதினால் எஸ், ஐ, என் என்ற மூன்று மாறிகளின் பெருக்கலாக எடுத்துக்கொண்டு சாய்வெழுத்தில் போடும். முக்கோணவியல் பாடம் முழுக்க இதற்காகவே ஒரு தடவை படித்தேன். ஓர் அடைப்பை மூட மறந்தால் பிழைச் செய்தி எங்கோ பத்து வரி தள்ளிக் காட்டும். எங்கள் மூவரில் ஒருவர் இரண்டு வாரம் கழித்து, "எனக்கு வேர்டே போதும்மா" என்று விலகப் பார்த்தார். முழுத் தொகுப்பை இறக்கச் சில ஜிபி ஆகும். கிராமத்து இணைப்பில் ஒரு ராத்திரி போய்விடும்.

டைப்ஸ்ட்

பெர்லினில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய இந்த மென்பொருள் 2023 மார்ச்சில் திறமூலமாக வெளிவந்தது. ஒரே சின்னக் கோப்பு, பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. தட்டத் தட்டப் பக்கம் மாறுவதைப் பார்க்கலாம். இரண்டு டாலர் குறிக்கு நடுவில் இடைவெளி விடாமல் எழுதினால் வரிக்குள் வரும், இடைவெளி விட்டால் தனி வரிக்குப் போகும். சாய்கோடு போட்டாலே பின்னம். தமிழ்ச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்தால், இப்படி ஒரு மாறி இல்லையே என்று அந்த இடத்தையே சுட்டிக் காட்டி நின்றுவிடும். மேலே சொன்ன வெற்றிட விபத்து இங்கே நேராது. அந்த ஒரு குணத்துக்காகப் புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு டெக்குக்கு முன்பு இதைத்தான் காட்டுவேன்.

பிறகு ஏன் எங்கள் நூலுக்கு எடுக்கவில்லை? நான் இதை எழுதும்போது அதன் பதிப்பு எண் இன்னும் 1ஐத் தொடவில்லை. பதிப்பு மாறும்போது கட்டளைகளும் சில மாறுகின்றன. பாடத்திட்டம் மாறும்வரை வருஷா வருஷம் திறந்து திருத்த வேண்டிய நூல் இது. லேடெக் இன்றைய வடிவுக்கு வந்தது 1994இல். அந்தக் காலத்துக் கோப்புகளும் பெரும்பாலும் இன்று ஓடுகின்றன. நூறு பக்கத்துக்குள் ஒரு பயிற்சி ஏடு என்றால் யோசிக்காமல் டைப்ஸ்ட் எடுத்திருப்பேன்.

எங்கள் ஏற்பாடு

நூல் ஸீலேடெக்கில். எனக்குத்தான் கொஞ்சம் பழக்கம் என்பதால் வரையறைகளை நான் எழுதிவைத்தேன். மற்ற இருவரும் கணக்கையும் விடையையும் மட்டும் நிரப்புகிறார்கள். விலகப் பார்த்தவர் இப்போது ஆயத்தொலை வடிவியல் முழுவதையும் தாமே முடித்துவிட்டார். வகுப்புத் தேர்வு வினாத்தாள் அவரவர் வேர்டில். அட்டையும் வடிவியல் படங்களும் கடைத் தம்பியிடம். எழுத்துருக்கள் உள்ளே பொதிந்த பிடிஎஃப்பை மட்டும் அச்சுக்குக் கொடுக்கிறோம். நடுவில் யாரும் கோப்பைத் திறந்து எழுத்துரு மாற்ற வேண்டிய வேலை இல்லை.

ஒருவருக்கும் கட்டளை எழுதும் பொறுமை இல்லாத இடத்தில், வேர்டிலேயே முழு நூலையும் செய்யலாம். அப்போது தமிழ்ச் சொல் பின்னங்களைத் தவிர்த்து, "கற்களின் எண்ணிக்கையைக் காண, தளத்தின் பரப்பை ஒரு கல்லின் பரப்பால் வகுக்க" என்று வாக்கியமாக எழுதிவிடுங்கள். கணக்கு குறையாது.

இந்த முறை மூன்றாவது புரூஃபில் 61 திருத்தம். 61ஐயும் போட்ட பிறகு பழைய பிடிஎஃப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கம் வைத்து இரண்டு ராத்திரி பார்த்தேன். தொடாத கணக்குகள் தொடாதபடியே இருந்தன. ஆத்தங்குடிக் கல் ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தது, கோடும் எண்ணும் கூடவே போயிருந்தன.

அட்டை வாங்கப் போன அன்று கடைத் தம்பி அந்தப் பிடிஎஃப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், இந்த மைனஸ் நான் போடுறதை விட நீளமா இருக்கே, எப்படிப் போட்டீங்க?" என்றார். அது ஹைஃபன் இல்லை, தனி எழுத்து என்று சொன்னேன். இன்னொரு டியூஷன் சென்டருக்கு அவர் கோத்து வைத்திருந்த முப்பது பக்கத்தைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஹைஃபனாகத் தேட ஆரம்பித்தார். நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.